கால் தரையை விடும் வரைக்கும்தான்

போன வருஷம் பள்ளி திறந்த கையோடு என் அக்கா மகள் வந்து நின்றாள். "மாமா, ஏழு மாசமா தினமும் பஸ்கி எடுக்கேன். இன்னும் நெட்டுக்கு மேல விரல் நுனிதான் தெரியுது. மணிக்கட்டு வரவே மாட்டேங்குது."

பெண்கள் வாலிபால் நெட்டின் உயரம் 2 மீட்டர் 24 செ.மீ. அவள் கையைத் தூக்கி நின்றால் 2 மீட்டர் 6 செ.மீ. வரும். சாத்தான்குளம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் டீமில் பிளாக்குக்கு, அதாவது எதிர் டீம் அடிக்கிற பந்தை நெட்டருகே குதித்துத் தடுக்க, நிற்கிறாள், அப்போது ஒன்பது முடித்துப் பத்துக்கு வந்திருந்தாள். நான் இருபது வருஷமாக வாலிபால் ஆடுகிறேன், நாலு வருஷமாகச் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "இன்னும் இருபது பஸ்கி கூட்டு, கால்ல பலம் ஏறினா உயரம் தானா வரும்."

அந்தப் பதில் பாதிதான் சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு அடுத்த மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிற பலரும் நான் சொன்ன அதே பதிலைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உடற்கல்வியில் ஆராய்ச்சி செய்யும் நண்பர் ஒருவர் தன் சோதனைக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அவர்கள் ஆய்வகத்தில் தரையோடு தரையாக ஒரு பலகை பதித்திருந்தார்கள். விசைப் பலகை. மேலே நின்றால் நாம் தரையை எவ்வளவு விசையோடு அழுத்துகிறோம் என்று நொடிக்கு 1000 தடவை அளந்து கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டும். என் எடை 70 கிலோ, சும்மா நின்றால் கோடு 687 நியூட்டனில் ஆடாமல் ஓடுகிறது. இந்த 687 நியூட்டனும் என்னைக் கீழே விழாமல் தாங்குவதற்கே சரியாகப் போய்விடுகிறது, இதற்கு மேலே எவ்வளவு கூடுதலாகத் தரையைத் தள்ளுகிறேனோ அந்தக் கூடுதல்தான் என்னை மேலே தூக்கும். இதை அவர் சொன்னபோது சின்ன விஷயமாகத்தான் பட்டது.

முதலில் வழக்கம்போலக் குதித்தேன், 38 செ.மீ. இரண்டாவது தடவை, முட்டியைக் கொஞ்சம்தான் மடக்கி, உடம்பில் இருக்கிற பலத்தையெல்லாம் ஒரே அடியாகத் தரையில் இறக்கினேன். விசை 1900 நியூட்டனைத் தாண்டியது, அதாவது என் எடையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அன்றைக்கு நான் காட்டிய மிகப் பெரிய விசை அதுதான். உயரமோ 33 செ.மீ. மூன்றாவதாக நன்றாக ஆழமாக இறங்கிக் குதித்தேன். விசை 1500-ஐ ஒட்டித்தான் போனது, உயரம் 40 செ.மீ.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதிக விசை கொடுத்த குதிதான் இருப்பதிலேயே குறைந்த உயரம். கருவி கெட்டுவிட்டதா என்றுகூடக் கேட்டேன்.

நண்பர் கோட்டுக்கு அடியில் இருக்கிற பரப்பைக் காட்டினார். இரண்டாவது குதியில் நான் மேல்நோக்கித் தள்ளிய நேரம் வெறும் 0.2 நொடி. அந்த நேரத்தில் எடைக்கு மேலே சராசரியாக 900 நியூட்டன். பெருக்கினால் 180. மூன்றாவது குதியில் எடைக்கு மேலே சராசரி 575 நியூட்டன்தான், ஆனால் 0.34 நொடி தள்ளியிருக்கிறேன். பெருக்கினால் 195-க்கு மேல். விசையையும் நேரத்தையும் பெருக்கி வருகிற இந்தக் கணக்கை உடம்பின் நிறையால் வகுத்தால், தரையை விடும்போது நமக்கு இருக்கிற வேகம் கிடைக்கும். அந்த வேகம்தான் உயரத்தை முடிவு செய்கிறது, வேறு எதுவுமே இல்லை. கால் தரையை விட்ட பிறகு காற்றில் நாம் என்ன செய்தாலும், உடம்பை எப்படி முறுக்கினாலும், உடம்பின் நடுப்புள்ளி போகிற உயரத்தில் ஒரு மில்லிமீட்டரைக் கூட்ட முடியாது. எல்லாம் தரையில் இருக்கிற அந்தக் கால் நொடியிலேயே முடிந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து அக்கா மகளிடம் சொன்னேன். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துவந்து முதல் பாடத்தைப் பிரித்துக் காட்டினாள். இயக்க விதிகள். "மாமா, இது கணத்தாக்கு. விசை பெருக்கல் காலம், அது உந்த மாற்றத்துக்குச் சமம். நேத்துதான் நடத்தினாங்க." கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்பதற்குச் சொல்வார்களே, அதே பாடம். நானும் அந்த வயதில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன்தான். அதை ஒரு நாளும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் எத்தனை பிள்ளைகளை நான் வெறுமனே பஸ்கி எடுக்க விட்டிருக்கிறேன்.

சரி, எங்களிடம் விசைப் பலகை இல்லை. வீட்டில் முள் வைத்த பழைய எடை மிஷின் ஒன்று இருந்தது. அவளை அதில் ஏற்றினேன், 48 கிலோ. "படக்குன்னு உக்காரு" என்றேன். அவள் இறங்கத் தொடங்கியதுமே முள் சட்டென்று கீழே போனது, முப்பதுக்கும் கீழே. அப்புறம் அவள் அடியில் போய் நிற்கிற நேரத்தில் முள் 48-ஐத் தாண்டி வலது பக்கம் பாய்ந்தது. இரண்டு பேரும் பத்துப் பதினைந்து தடவை இதையே செய்து பார்த்தோம். முள்ளுக்கும் கனம் உண்டு, ஸ்பிரிங் ஆடும், அதனால் எண்ணை நம்ப முடியாது, ஆனால் நடப்பது என்ன என்று கண்ணுக்குத் தெரிகிறது. (எடை மிஷின் மேலிருந்து யாரும் குதித்துப் பார்த்துவிடாதீர்கள், வழுக்கிவிடும்.)

அந்த முள் காட்டியதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம். குதிக்கும் முன் நாம் எல்லோரும் ஒரு தடவை கீழே இறங்குகிறோம், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. இறங்கும்போது கால் தளர்வதால் தரைக்கு நம் எடையைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறோம், உடம்பு கீழ்நோக்கி வேகம் எடுக்கிறது. அந்த வேகத்தை நிறுத்தியாக வேண்டும், நிறுத்த எடைக்கு மேலே விசை வேண்டும். எவ்வளவு? இறங்கும்போது குறைத்துக் கொடுத்தது எவ்வளவோ சரியாக அவ்வளவையும் திருப்பிக் கொடுத்தால்தான் உடம்பு அடியில் நிற்கும். கடன் வாங்கி அடைக்கிற மாதிரிதான். ஆனால் அடைத்து முடிக்கிற அந்த நொடியில், உடம்பு மிகக் கீழே இருக்கிற அந்த இடத்தில், கால் தசைகள் ஏற்கனவே எடையைப்போல இரண்டு மடங்கு விசையில் இறுகி நிற்கின்றன. மேலே தள்ளும் வேலை அங்கிருந்து தொடங்குகிறது. அதாவது முதல் இம்மியிலிருந்தே முழு விசை.

இதற்கு மாறாக, பாதி உட்கார்ந்த நிலையில் மூன்று நொடி அசையாமல் நின்றுவிட்டு அங்கிருந்து குதித்துப் பாருங்கள். சில சென்டிமீட்டர் குறையும். ஏனென்றால் விசை அங்கே எடையளவில்தான் இருக்கிறது, இனிமேல்தான் ஏற வேண்டும். தசை நினைத்த மாத்திரத்தில் இறுகிவிடாது, முழு விசைக்கு வர நேரம் எடுக்கும், அது ஏறிக்கொண்டிருக்கும்போதே தள்ளும் தூரத்தில் ஒரு பகுதி போய்விடும். தசைநாண் ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்புவதால்தான் இறங்கி எழும் குதி உயரமாக வருகிறது என்று நான் ரொம்ப காலம் நம்பியிருந்தேன், நிறையப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். 1996-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டன் பாபர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் இதை ஆராய்ந்து, முக்கியக் காரணம் அது இல்லை, மேலே எழத் தொடங்கும் முன்பே தசை இறுகி முடிக்க நேரம் கிடைப்பதுதான் என்று எழுதினார்கள். அதைப் படித்த பிறகு எடை மிஷின் முள் வேறு மாதிரித் தெரிந்தது.

இப்போது எங்கள் பஸ்கிக்கு வருகிறேன். இவள் எடுத்த பஸ்கி ஒவ்வொன்றும் நிதானமாக இரண்டு நொடி இறங்கி, இரண்டு நொடி ஏறுவது. பலம் வந்தது, அதில் சந்தேகம் இல்லை, மாடிப்படியில் தண்ணீர்க் குடத்தோடு ஏறுவதைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பலம் இல்லாமல் மேற்கொண்டு எதுவும் செய்யவும் முடியாது, பஸ்கியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குதிக்கும்போது அவளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.3 நொடி. இரண்டு நொடியில் காட்டப் பழகிய பலத்தை 0.3 நொடியில் காட்ட உடம்புக்குத் தனியாகப் பழக்க வேண்டும். ஏழு மாதத்தில் அவளை நான் ஒரு தடவைகூட வேகமாக எதையும் செய்யச் சொன்னதில்லை.

ஆழமாக இறங்கினால் நேரம் கூடும், உயரம் கூடும், அப்படியென்றால் எல்லோரும் ஆழமாக இறங்கலாமே என்று கேட்கலாம். அவளும் கேட்டாள். கோர்ட்டில் அதற்கு நேரம் கிடையாது. எதிர் டீமில் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் பந்தைத் தள்ளிய பிறகு பிளாக்கர் தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழுந்தால் பந்து பின்னால் போய் விழுந்திருக்கும். அதோடு, ரொம்ப ஆழத்தில் முட்டி மடங்கிய நிலையில் தொடைத் தசையால் பெரிய விசை கொடுக்கவும் முடியாது. ஆளுக்கு ஆள் ஓர் ஆழம் இருக்கிறது, குதித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அளப்பதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. விரலில் சாக்பீஸ் தூள் தடவிக் குதித்துச் சுவரில் தொட்டு அளப்பது பழைய முறை, அமெரிக்காவில் டட்லி சார்ஜென்ட் 1921-லேயே இந்த மாதிரிச் சோதனையைப் பற்றி எழுதியிருக்கிறார், அவர் பெயரில்தான் இன்றைக்கும் உடற்கல்விப் பாடத்தில் வருகிறது. அதில் தோளை எவ்வளவு நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். நாங்கள் போன் எடுத்தோம். ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 படம் எடுக்கும். போனைத் தரையோடு வைத்து, கால் விட்ட படத்திலிருந்து கால் தொட்ட படம் வரை எண்ணினால் காற்றில் இருந்த நேரம் வந்துவிடும். அந்த நேரத்தை அதாலேயே பெருக்கி, 9.81-ஆல் பெருக்கி, எட்டால் வகுத்தால் மீட்டரில் உயரம். அவளுக்கு முதல் நாள் 116 படம். 28.6 செ.மீ. முட்டியை மடக்கிக்கொண்டு இறங்கினால் நேரம் பொய்யாகக் கூடும், அதனால் காலை நீட்டியபடியே தரையைத் தொட்டு அப்புறம்தான் மடக்க வேண்டும் என்பது விதி. அவளே அந்த விதியைப் போட்டாள்.

காற்றில் இருக்கிற நேரம் என்றதும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய வாலிபால் அணி வெண்கலம் வாங்கியது, அந்த அணியில் கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ் ஆடினார். அவரைப் பற்றிப் பேசினாலே "அந்தரத்தில நின்னு அடிப்பாம்லே" என்பார்கள். அந்தரத்தில் யாரும் நிற்க முடியாது. 80 செ.மீ. குதிக்கிறவர்கூடக் காற்றில் இருப்பது 0.8 நொடிதான். ஆனால் அந்தப் பெரியவர்கள் கண்டது பொய்யும் இல்லை. மேலே போகப் போக வேகம் குறைகிறது, உச்சியை ஒட்டி உடம்பு மெதுவாக நகர்கிறது, கணக்குப் போட்டால் காற்றில் இருக்கிற மொத்த நேரத்தில் சரிபாதி உயரத்தின் கடைசிக் கால் பங்கிலேயே போகிறது. 80 செ.மீ. குதியில் மேலே இருக்கிற 20 செ.மீ.க்குள் 0.4 நொடி. கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு அது நிற்பதாகத்தான் தெரியும்.

பயிற்சியை மாற்றினோம். பஸ்கியை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்து, எண்ணிக்கைக்குப் பதில் முதுகில் எடையைக் கூட்டினோம், ஏறும்போது முடிந்தவரை வேகம். இன்னும் இரண்டு நாள் குதி மட்டும், நாலு அல்லது ஐந்து குதித்துவிட்டு முழு ஓய்வு, மறுபடி ஐந்து. களைத்துப்போய்க் குதிக்கிற குதி மெதுவாகக் குதிக்கத்தான் கற்றுக்கொடுக்கும், அதனால் வியர்வை சொட்டும் வரை குதிக்க வைக்கிற என் பழைய முறையை விட்டேன். மேடையிலிருந்து இறங்கியதும் உடனே எகிறும் பயிற்சி ஒன்று உண்டு, சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960-களில் வளர்த்தெடுத்தது. அதை இவளுக்கு முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல்லில் மட்டும்தான் செய்யவிட்டேன். வளர்கிற பிள்ளை.

கையை மறந்துவிடக்கூடாது. கையைப் பின்னாலிருந்து வேகமாக வீசி எடுத்தால் தரையை விடும் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்று 1990-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. வேகம் 10 சதவீதம் கூடினால் உயரம் 20 சதவீதத்துக்கு மேல் கூடும், ஏனென்றால் உயரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. கை மேலே வீசப்படும்போது தோள் வழியாக உடம்பைக் கீழே அழுத்துகிறது, கால் அந்த அழுத்தத்தையும் சேர்த்துத் தரையில் இறக்குகிறது. எங்கள் டீமில் இரண்டு பிள்ளைகள் கையை மார்புக்கு முன்னால் கட்டிக்கொண்ட மாதிரி வைத்துத்தான் குதித்துக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் திருத்தியதில் ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது.

இன்னொன்று, இதைச் சத்தமாகவே சொல்கிறேன். விசையை நிறையால் வகுக்கிறோம் என்று சொன்னதும் டீமில் ஒரு பிள்ளை, "அப்போ எடையைக் குறைச்சா போதும்ல" என்று காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆகிவிட்டது. பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்துதான் போகும், விசை குறையும், வகுக்கிற எண் குறைந்து என்ன பயன். பதினைந்து வயதில் எலும்பு கட்டுகிற காலம். அவள் வீட்டுக்கே போய் அவள் அம்மாவிடம் பேசினேன். இட்லியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் கோர்ட்டில் இறங்கலாம் என்று இப்போது சட்டம்.

அப்புறம், குதித்த பிறகு தரையில் வந்து இறங்குவது. விசைப் பலகையில் நான் பயந்துபோன இடம் அதுதான். குதிக்கும்போது 1600 நியூட்டன் காட்டிய கோடு, நான் விறைப்பாக இறங்கியபோது மூவாயிரத்துக்கு மேலே ஊசி மாதிரி ஏறி இறங்கியது. மேலே போன அதே உந்தம்தான் கீழே வரும்போதும் தீர வேண்டும். குறைந்த நேரத்தில் தீர்த்தால் பெரிய விசை, நேரத்தை இழுத்தால் சின்ன விசை. கேட்ச் பிடிக்கிற கைதான் இங்கே முட்டியும் இடுப்பும். எனக்கு இடது முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள நாண் இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கும், பத்து வருஷம் சிமெண்ட் தரையில் விறைத்த காலோடு இறங்கியதன் வலி. பிள்ளைகளுக்குக் குதிக்கச் சொல்லிக் கொடுக்கும் முன் ஒரு வாரம் முழுக்க இறங்க மட்டும் சொல்லிக் கொடுத்தேன், சத்தம் கேட்காமல், முன்பாதம் தொட்டு, இடுப்பைப் பின்னால் விட்டு, முட்டி உள்பக்கம் சாயாமல்.

ஐந்தாவது மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி அளந்தோம். மூன்று குதியில் நல்லது எடுத்தோம், 126 படம். 33.8 செ.மீ. கூடியது 5 செ.மீ. சொச்சம். கணக்குப் போட்டுப் பார்த்தாள்: பழைய குதிக்கு 114 நியூட்டன் நொடி, புதிய குதிக்கு 124. "பத்துதான் மாமா கூடியிருக்கு, இதுக்கா அஞ்சு மாசம்?" என்றாள், முகமெல்லாம் சிரிப்பு. கையைத் தூக்கி நெட்டருகே குதித்தாள், மணிக்கட்டு நெட்டின் மேல் நாடாவை ஒட்டி வந்து நின்றது. முழுசாக மேலே இல்லை.

ஓடி வந்து அட்டாக் அடிக்கும்போது இன்னும் மேலே வருகிறது. பிளாக்கில்தான் பிரச்சினை, பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்து வந்து கை வீச இடமில்லாமல் குதிக்க வேண்டியிருக்கிறது, அங்கே போன் 119 படத்துக்கு மேல் காட்டவில்லை. பக்கவாட்டு ஓட்டத்தின் வேகத்தைக் கடைசி எட்டில் எப்படி மேல்நோக்கித் திருப்புவது என்று இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நேற்று மழை பெய்து கோர்ட் சேறாகிக் கிடக்கிறது, காய்ந்ததும் போனை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.